குரும்பலூர்ப் பக்கத்து மரம்

குரும்பலூரில் போர் போட்டால் மேலே மண், அதன்கீழ் சுக்கான், அதற்கும் கீழே பாறை. எத்தனை நூறு அடி இறங்கினாலும் குழாய் வழியே கக்குவது வெளுத்த கல்பொடிதான். பெரம்பலூர் வந்து, திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, கிழக்கே பிரியும் சாலையில் காரைக்கோ சாத்தனூருக்கோ போய் ஒரு கிணற்றுமேட்டைப் பாருங்கள். களி கிடக்கும், மணற்கல் கிடக்கும், சிப்பி கிடக்கும், வாய்த்தால் அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரின் சுருண்ட ஓடும் கிடக்கும். ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒரே மக்காச்சோளம். காலுக்குக் கீழே மட்டும் கதை வேறு. மேற்கே இருப்பது பச்சைமலையைத் தாங்கும் பழம்பாறை. கிழக்கே இருப்பது கடல் போட்டுவிட்டுப் போன வண்டல்.

அந்தக் கடலின் கரை சாத்தனூருக்கு மேற்கே எட்டுப் பத்து கிலோமீட்டர் வரை வந்திருந்தது என்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணிப்பு. குரும்பலூர் அதற்கும் மேற்கே, தரைப்பக்கம். இன்றைக்குச் சாத்தனூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும்.

சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது கிடக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது நியாயமில்லை. அது அங்கே பிறந்த மரம் இல்லை. அது கிடக்கும் இடம் அந்தக் காலத்தில் கடலடி. கடலடியில் மரம் முளைக்காது. 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த அடிமரம் வேரூன்றி நின்ற கோலத்தில் இல்லை, கடல் மண்ணுக்குள் படுத்த கோலத்தில்தான் அகப்பட்டது. முளைத்தது, வளர்ந்தது, காய்த்தது எல்லாம் தரைப்பக்கத்தில். எந்த ஊர், எந்த மேடு என்று சுட்டிக்காட்ட யாராலும் முடியாது. ஆனால் திசை தெரியும். ஆறுகள் அன்றும் மேற்கு மேட்டிலிருந்துதான் கடலுக்கு இறங்கின. ஆகவே இதைக் குரும்பலூர்ப் பக்கத்து மரம் என்று உரிமை கொண்டாடினால் சாத்தனூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

காலம் எது? சாத்தனூர்க் கல்மரப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லப்படுவது 12 கோடி ஆண்டு. மரம் கிடைத்த அடுக்கு திருச்சிராப்பள்ளித் தொகுதி என்று பெயர்பெற்றது. அந்தத் தொகுதியின் அம்மோனைட்டுகள் காட்டும் காலம் 9 கோடி ஆண்டை ஒட்டியது. நான் இந்த இரண்டாம் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். எப்படிப் பார்த்தாலும் கிரெட்டேசியஸ் காலம். துருவங்களில் பனிப்பாளம் கிடையாது. கடல் மட்டம் உயர்ந்து கண்டங்களின் ஓரங்களையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்த காலம். இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து, மடகாஸ்கரையும் உதறிக்கொண்டு, நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே தனியாக மிதந்து வந்துகொண்டிருந்தது. நம் மரம் முளைத்தபோது அதன் தலைக்கு மேல் சூரியன் இன்று போல் உச்சியில் நின்றதில்லை. கோடையில் நீண்ட பகல், குளிரில் குறுகிய பகல்.

மரம் என்றால் எப்படிப்பட்ட மரம்? கூம்பு மரம். பைன், தேவதாரு, வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிறார்களே அந்த அரௌகேரியா, இவை சேர்ந்த பெருங்கூட்டம். அதிலும் தெற்குக் கண்டங்களில் அன்று கொடிகட்டிப் பறந்தவை அரௌகேரியா குடும்பமும் போடோகார்ப்பஸ் குடும்பமும். காவிரிப் படுகையில் கிடைக்கும் அக்காலத்துக் கல்மரத் துண்டுகளும் பெரும்பாலும் இந்த இரு வகைக் கட்டைகளோடுதான் ஒத்துப்போகின்றன.

ஒரு கூம்பு மரத்தின் கட்டையை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் தோன்றுவது அதன் எளிமை. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஒரே வகைச் செல்: டிரக்கீடு. இரண்டு முனையும் கூம்பி, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், ஒன்றை ஒன்று தழுவி அடுக்கி நிற்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வரிசை தப்பாத சதுரக் கட்டங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரப்பசையோடு ஒரு மெல்லிய உறை இருக்கிறதே, கேம்பியம், அதுதான் இவற்றின் தாய். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டைத் திசுவையும் பெற்றுக்கொண்டே அது வெளியே தள்ளிப் போகும். மரம் பருப்பது இப்படி. உயர்வது வேறு கதை, நுனியில் மட்டும். ஆளுயரத்தில் ஒரு வேப்பமரத்தில் அடித்த ஆணி முப்பது வருஷம் கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும், கொஞ்சம் விழுங்கப்பட்டு.

டிரக்கீடு வேலைக்கு வருவதே செத்த பிறகுதான். பிறந்து, நீண்டு, சுவரில் செல்லுலோஸை அடுக்கி, அதன் இடுக்கெல்லாம் லிக்னினைப் பூசி இறுக்கிவிட்டு, உள்ளிருக்கும் உயிர்ப்பொருளைத் தானே கரைத்துக்கொண்டு காலியாகிவிடும். மிஞ்சுவது வெறும் குழாய். அந்தக் குழாய் வழியாகத்தான் வேர்த்தண்ணீர் இலைக்கு ஏறுகிறது. இலையில் நீர் ஆவியாக, கீழிருக்கும் நீர் அறுபடாத இழையாக இழுபட்டு மேலே போகும். மரம் இதற்கு ஒரு துளி சக்தியும் செலவழிப்பதில்லை. குழாய்க்குக் குழாய் பக்கச் சுவரில் விளிம்பு கட்டிய சின்னஞ்சிறு குழிகள் உண்டு. ஒரு குழாயில் காற்று புகுந்துவிட்டால் பல கூம்பு மரங்களில் அந்தக் குழியின் நடுவிலுள்ள தட்டு ஓரமாய் ஒதுங்கி வாயை அடைத்துவிடும், அடுத்த குழாய் தப்பிக்கும். கட்டை என்கிற இந்த ஏற்பாட்டைத் தாவரங்கள் கண்டுபிடித்து 40 கோடி ஆண்டு ஆகிறது. நம் மரம் அந்தப் பரம்பரையின் நடுவாந்திரப் பேரன்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் இந்த மரத்தைக் காப்பாற்றப் போவது இந்தக் காலிக் குழாய்களும் அந்த லிக்னினும்தான்.

காய்ப்பு விஷயத்தில் அது பூவை நம்பிய ஜாதி இல்லை. சிறிய ஆண் கூம்புகள் மகரந்தத்தைக் காற்றில் கொட்டிவிடும். பெண் கூம்பின் செதில்மேல் சூல் திறந்து கிடக்கும். அதைச் சுற்றிச் சூலகம் என்ற உறை கிடையாது. திறந்த விதைத் தாவரம் என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். பல கூம்பு இனங்களில் சூலின் வாயில் ஒரு சொட்டுப் பிசுபிசுப்பு நீர் கசிந்து நிற்கும். காற்றில் வந்த மகரந்தம் அதில் ஒட்டும். பிறகு அந்தச் சொட்டு உள்ளே இழுக்கப்பட, மகரந்தமும் கூடவே போகும். வண்டு வேண்டாம், தேன் வேண்டாம், நிறம் வேண்டாம். ஆனால் ஒரு மணி வேலைக்குப் பத்தாயிரம் ஆள் அனுப்புகிற செலவு. காடு முழுக்க ஒரே இன மரம் நெருக்கி நின்றால் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

பூக்கும் தாவரங்கள் உலகில் தோன்றுமுன் வாழ்ந்த மரம் இது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அப்படி இல்லை. பூக்கும் தாவரத்தின் மகரந்தம் 13 கோடி ஆண்டுப் பழமையான பாறையிலேயே இருக்கிறது. நம் மரம் நின்ற காலத்தில் உலகின் பல மூலைகளில் பூ பூத்துக்கொண்டுதான் இருந்தது. அது பரவிய வேகத்தைப் பார்த்துத்தான் டார்வின் 1879-ல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், இது தன்னைப் படுத்துகிற புதிர் என்று அலுத்துக்கொண்டார். நம் மரம் ஒரு யுகத்தின் கடைசிப் பகுதியில் நின்றது. கீழே புதர் மட்டத்தில் புது ஆட்கள் குடியேறிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதே மாவட்டத்து ஆலத்தூர் வட்டத்தில், தெரணியில் வெள்ளைக் களிமண் வெட்டுகிறார்கள். பீங்கான் வேலைக்குப் போகிற களி. அந்தக் களியைப் பிளந்தால் சில இடங்களில் இலைப் பதிவுகள் கிடைக்கும், டைலோபில்லம் என்ற செடியுடையவை. பார்வைக்குச் சைகஸ் இலை, இருபுறமும் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இலைத்துண்டுகள். உண்மையில் அது பெனட்டைட்டேல்ஸ் என்ற அற்றுப்போன கூட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்துச் செடிகள் பூ மாதிரியே ஒன்றைத் தாங்கியிருந்தன, பூக்கும் தாவர வம்சத்தில் சேராமலேயே. தெரணிக் களி சாத்தனூர் அடுக்கைவிடப் பழையது. இந்த வட்டாரத்துத் தரையில் என்ன பசுமை இருந்தது என்பதற்கு அதுவே நமக்கிருக்கும் நல்ல சாட்சி. அதுவும் நீரடியில் படிந்த களி என்பதைக் கவனிக்க வேண்டும். வறண்ட மேட்டில் உதிர்ந்த இலை எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

மரம் எப்படி விழுந்தது? கரை அரித்திருக்கலாம், காற்று சாய்த்திருக்கலாம். எப்படி விழுந்தாலும் ஆற்றில் விழுந்தது அதன் அதிர்ஷ்டம். காட்டுக்குள் விழுந்திருந்தால் கரையானின் முன்னோரும் பூஞ்சையும் சேர்ந்து சில பத்து வருஷங்களில் கணக்கை முடித்திருக்கும். லிக்னினை உடைக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஈரமும் காற்றும் கலந்த தரைதான் அதன் சமையலறை. வெள்ளம் மரத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனது. இன்றைக்கும் பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கிழக்கே ஓடிக் கொள்ளிடத்தில் சேர்கிறது. அதே ஆறு என்று சொல்லவில்லை, அதே சரிவு.

கடலில் மிதக்கும் கட்டை உடனே மூழ்காது. காலிக் குழாய்களில் காற்று இருக்கும்வரை மாதக்கணக்கில் அலையும். அந்த நேரத்தில் ஆட்கள் வந்து ஏறுவார்கள். முக்கியமான ஆள் கப்பல் புழு. பேர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். தலைப்பக்கம் இரண்டு சின்ன ஓடுகளை அரம்போல் வைத்துக்கொண்டு மரத்தைக் குடைந்தபடி உள்ளே போகும். போன வழியில் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொள்ளும். மரத்தூளைச் செரிக்கத் தன் செவுளில் பாக்டீரியா வளர்த்து வைத்திருக்கும். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ மரப்படகு வைத்திருப்பவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை ஒன்றும் வராது. பெரம்பலூர், அரியலூர் அடுக்குகளில் கிடைக்கும் கல்மரத் துண்டுகள் பலவற்றில் விரல் பருமனில் வளைந்து வளைந்து ஓடும் துளைகள் கல்லாக நிரம்பிக் கிடக்கின்றன. அதைத் தொட்டுப் பார்க்கிறவர் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னால் படகோட்டிகளின் எதிரி மதியச் சாப்பாடு சாப்பிட்ட இடத்தைத் தொடுகிறார். காட்டு மரத்துக்குள் கடல் பிராணி குடியிருந்த தடம். மரம் பயணம் செய்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

நீர் ஊறி ஊறிக் கனம் கூடி ஒரு நாள் அடியில் போய்ப் படுத்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் மேலே மூடின. மூடிய வேகம் முக்கியம். மெதுவாக மூடியிருந்தால் கப்பல் புழு மிச்சம் வைத்திருக்காது. மூடிய பிறகு காற்று இல்லை, பூஞ்சை இல்லை, புழு இல்லை.

அடுத்த வேலை தண்ணீருடையது. மணலுக்குள் நகரும் நீரில் எப்போதும் கொஞ்சம் சிலிக்கா கரைந்திருக்கும். கரைசல் மிக நீர்த்தது. ஆனால் லிக்னினிலும் செல்லுலோஸிலும் அந்தச் சிலிக்காவை ஈர்த்துப் பிடிக்கும் இடங்கள் நிறைய உண்டு. செல்சுவரில் மூலக்கூறு மூலக்கூறாக ஒட்டும். பிறகு காலிக் குழாயை நிரப்பும். முதலில் ஓப்பல் போன்ற ஒழுங்கற்ற சிலிக்கா, நாளாவட்டத்தில் படிகமான குவார்ட்ஸ். மரப்பொருள் மெல்ல அழிய, அதன் அச்சு நிற்கும். இதற்குக் கோடி ஆண்டு தேவை என்று நினைப்பது வழக்கம். ஜப்பானில் தாதெயாமா மலைப்பகுதியின் வெந்நீர்க் குட்டை ஒன்றில் போட்ட மரத்துண்டுகளில் ஏழு வருஷத்துக்குள்ளேயே எடையில் நாற்பது சதவீதம் வரை சிலிக்கா ஏறியிருந்தது. சாத்தனூர்க் கடலடியில் அத்தனை சூடும் சிலிக்காவும் இல்லை. நேரம் கூடுதலாகப் பிடித்திருக்கும். ஆனாலும் மரம் கல்லானது அதன் வாழ்க்கைக் கதையில் சின்ன அத்தியாயம்தான். கல்லாகிக் காத்துக்கிடந்ததுதான் பெரிய அத்தியாயம்.

அரிசோனாவில் ஒரு தேசியப் பூங்காவே கல்மரங்களுக்காக இருக்கிறது. அவை 22 கோடி ஆண்டுக்கு முந்தியவை. அங்கும் இதே வரிசை: கூம்பு மரம், ஆறு, வண்டல், சிலிக்கா. அங்கே சிலிக்கா எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது. இரும்புச் சத்து சேர்ந்து சிவப்பு மஞ்சள் வண்ணங்கள் வாரி இறைத்திருக்கும். நம்முடையது அப்படிப் பகட்டு இல்லை. வண்ணம் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள்.

மண்ணுக்குள் படுத்திருந்த காலத்திலும் மரம் சும்மா இருக்கவில்லை. நாடே அதைச் சுமந்துகொண்டு வடக்கே போனது. ஐயாயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். வழியில் அதன் மேல் இன்னும் கடல் படிவுகள் சேர்ந்தன, அரியலூர்த் தொகுதி என்று இன்று அழைக்கப்படுபவை. சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் இந்தக் கடல்களின் ஓடுகளும் பவளங்களும்தான். 1939-லேயே கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்ததற்கும் அதுவே காரணம். 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடியது, டைனோசர்கள் போயின. நம் மரம் அதையெல்லாம் உணர்ந்திருக்க வழியில்லை. பிறகு கடல் கிழக்கே பின்வாங்கியது. 5 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா ஆசியாவில் முட்டி இமயம் எழத் தொடங்கியது.

டைனோசர் என்றதும் ஒரு சங்கதி. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு கிளம்பியது. எலும்புகளோ வலுவில்லாதவை, காப்பதற்குள் உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது படங்கள். அதன்பின் பல வருஷம் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர், அது எலும்பே இல்லை, கல்லான மரத்துண்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய படங்களை மறுபடி வெளியிட்டு 2022-ல் வேறு ஆய்வாளர்கள் அது எலும்புதான் என்று வாதாடினார்கள். பக்கத்து மாவட்டத்தில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கும்போது அப்படி ஒரு சந்தேகம் வருவதும் நியாயம்தான். நுண்ணோக்கியில் வைக்க ஒரு சில்லு மிஞ்சியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். டிரக்கீடு வரிசையை யாரும் எலும்பு என்று சொல்லமாட்டார்கள்.

கடல் போனபின் எதிர்த்திசை வேலை தொடங்கியது. மேலே படிந்ததை மழை கழுவிக் கழுவி எடுத்தது. களி கரைந்தது, மணற்கல் உதிர்ந்தது, சிலிக்கா மட்டும் கரைய மறுத்தது. ஒரு ஓடைக்கரையில் மரத்தின் முதுகு தெரிந்திருக்கும். அந்த ஊர் ஆட்கள் எத்தனை தலைமுறையாக அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறினார்களோ, ஏட்டில் அதற்குக் கணக்கில்லை. ஏட்டுக் கணக்கு 1840-களில் தொடங்குகிறது. சென்னை மாகாண அதிகாரியான கே என்பவரும் கன்லிஃப்பும் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் சிப்பிகளைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். இயற்கையாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்தார். 1860 வாக்கில் புவியியலாளர் எச்.எஃப். பிளான்போர்டு நடந்து நடந்து வரைபடம் போட்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளை மூன்றாகப் பிரித்தார். இந்த அடுக்குகளின் புதைபடிவங்களைத் தடித்தடிப் புத்தகங்களாக விவரித்த ஸ்டோலிச்கா 1874-ல் லடாக் மலைப்பாதையில் இறந்துபோனார். இவர்களுக்கெல்லாம் சிப்பி முக்கியம், அம்மோனைட் முக்கியம். அடுக்கின் வயதைச் சொல்வது அவைதான். கட்டை பின்வரிசை.

சாத்தனூர் மரம் அறிவியல் கண்ணில் பட்டது 1940-ல். பார்த்துச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்க்காரர், 1898-ல் பிறந்தவர், இந்திய, பர்மியப் புவியியல் பற்றி அவர் எழுதிய நூல் மாணவர்களுக்கு நெடுங்காலம் வேதமாக இருந்தது. 1951-ல் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். பக்கத்தில் வரகூர், ஆனைப்பாடி, அலுந்தலைப்பூர், சாரதாமங்கலம் ஊர்களிலும் சில மீட்டர் நீளத் துண்டுகள் கிடைத்தன. ஆனால் இவ்வளவு முழுசாக இது ஒன்றுதான். பிறகு தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற தகுதி வந்தது, வேலி வந்தது, பலகை வந்தது.

இப்போது வேலிக்கு வெளியே பாருங்கள். கரிசல். பருத்தி, மக்காச்சோளம், சற்றுத் தள்ளிச் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். அத்தனையும் பூக்கும் தாவரம். கூம்பு மரத்தின் வாரிசு ஒன்றுகூடக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. தென்னிந்தியாவில் தானாக வளரும் கூம்பு மரம் இன்று ஒரே ஒரு இனம்தான்: நகேயா வாலிச்சியானா, போடோகார்ப்பஸ் குடும்பம், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் அங்கங்கே. ஊட்டி, கொடைக்கானலில் நாம் பார்க்கும் பைன்கள் ஆட்கள் கொண்டுவந்து நட்டவை.

மக்காச்சோளத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உச்சியில் ஆண் கதிர், இடுப்பில் பெண் கதிர். பெண் கதிரின் நுனியில் தொங்கும் பட்டுக் குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு மணிக்குச் சொந்தம். மகரந்தம் இழை நுனியில் விழுந்து, குழாய் விட்டு, அந்த நீளம் முழுக்க உள்ளுக்குள்ளேயே பயணம் போய்ச் சூலைச் சேர வேண்டும். எந்த இழையில் மகரந்தம் விழவில்லையோ அந்த இடத்தில் மணி பொக்கு. சூல் மூடிய அறைக்குள் இருப்பதால்தான் இத்தனை நீளப் பயணம். பூக்கும் தாவரத்தின் எல்லா நாகரிகத்தையும் கற்றுக்கொண்ட பிறகு புல் வம்சம் வண்டை விட்டுவிட்டு மறுபடி காற்றுக்கே திரும்பியிருக்கிறது. ஏக்கர் ஏக்கராக ஒரே இனம் நெருக்கி நிற்பதால் அந்தச் செலவு இதற்கும் கட்டுப்படியாகிறது. அன்றைய கூம்புக்காட்டின் கணக்கேதான்.

பருத்தி இன்னொரு விதம். பஞ்சின் ஒவ்வொரு இழையும் விதைத்தோலில் முளைத்த ஒரே செல். மூன்று சென்டிமீட்டர் வரை நீளும். நம் மரத்தின் டிரக்கீடைப் போலப் பல மடங்கு. அதுவும் சாவுக்குப் பிறகுதான் பயன்படுகிறது. ஆனால் அதில் லிக்னின் கிடையாது, ஏறத்தாழச் சுத்தச் செல்லுலோஸ். ஆற்றில் விழுந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. சின்ன வெங்காயமோ சதைப்பற்றான இலை அடிகளின் அடுக்கு, ஈரம் பட்டால் பட்டறையிலேயே அழுகி மனுஷனை அழவைக்கும். இந்த மாவட்டத்தைத் தமிழ்நாடு முழுக்க அறியவைத்த மூன்று பயிரில் ஒன்றுகூடக் கல்லாகிற ஜாதி இல்லை. மகரந்தம் வேண்டுமானால் மிஞ்சும். அதன் ஓட்டை அமிலமே அசைக்காது.

பூக்கும் மரங்கள் கல்லான இடம் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போகலாம். 1781-ல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் பார்த்துச் சொன்ன இடம். வயது 2 கோடி ஆண்டு. அங்கே கூம்பு மரமும் உண்டு. பெரும்பாலானவை பூக்கும் மரங்கள், புளியின் உறவுக்காரர்கள் உட்பட. வெட்டுமுகத்தைக் கைக்கண்ணாடியில் பார்த்தாலே ஊசி குத்தியது போல் துளைகள் தெரியும், சைலக் குழாய்கள். டிரக்கீடுகள் போல் முனை மூடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வாய் திறந்து பொருந்திய அகலக் குழாய்கள். தண்ணீர் பல மடங்கு வேகமாக ஏறும். காற்று புகுந்தால் நஷ்டமும் பெரிது. சாத்தனூர்க் கட்டையில் அந்தத் துளைகள் கிடையாது. இரண்டு ஊர்க் கற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற மாணவருக்கு இரண்டு வம்சத்துக் கட்டைகளின் வித்தியாசம் கண்ணுக்கு நேரே விளங்கிவிடும். குரும்பலூர்ப் பக்கத்தில் தாவரவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டும் பஸ் போகிற தூரத்தில் கிடைத்திருப்பது யோகம்தான்.

குரும்பலூர்ப் பக்கம் மட்டும் ஏன் ஒரு சில்லும் இல்லை? காடு இல்லாததாலா? இருந்திருக்கும், அடர்த்தியாகவே. ஆனால் தரை என்பது அரிபடும் இடம். அங்கே விழுந்தது அங்கேயே மட்கியது, மட்கிய மண்ணையும் மழை கீழே கொண்டுபோனது. கீழே கொட்டிய இடத்தில்தான் சேமிப்பு. ஆகவே நாம் கையில் வைத்திருக்கும் கல்மரங்களெல்லாம் ஆற்றங்கரை மரங்கள், வெள்ளம் இழுத்துப்போனவை. மேட்டு நிலத்தில் என்னென்ன நின்றது என்பதை அவை சொல்லாது. கிரெட்டேசியஸ் பெரம்பலூர் முழுக்கக் கூம்புக் காடு என்று படம் வரைகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதே கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சைமலையில் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை அங்கேயே மட்கும். வேம்பும் புளியும் வாசற்காலாகவும் விறகாகவும் போய்விடும். மருதையாற்றுக் கரையிலும் ஏரி உள்வாயிலும் ஓடை ஓரத்திலும் கேட்பாரற்று நிற்பது சீமைக்கருவேலம். 1877-ல் இந்தியாவுக்கு விதையாக வந்த அமெரிக்கக் கண்டத்து மரம். நல்ல கெட்டிக் கட்டை, வேரோடு சாய்ந்தால் வெள்ளம் நேரே கொள்ளிடத்துக்குக் கொண்டுபோகும். கொள்ளிட முகத்துவாரத்துச் சேற்றில் புதையப் போவது அதுதான். ஒன்பது கோடி ஆண்டு கழித்து அதை வெட்டியெடுத்து, சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறவர் யாராவது இருந்தால், இந்த மாவட்டம் முழுக்க அப்போது சீமைக்கருவேலங்காடு என்று எழுதிவைப்பார்.